ஸ்பானிஷுக்குத் தமிழ் வழியாக ஒரு குறுக்குப்பாதை

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து மூன்றாவது மாதத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அன்றைய பாடத்தில் ‘மே துவேலே லா கபேஸா’ என்று ஒரு வாக்கியம். அதை விளக்கப் பாடப்புத்தகம் ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தது. இங்கே எழுவாய் நீங்கள் அல்ல, உங்கள் தலை. வலி உங்களுக்கு வந்து சேர்கிறது. ‘என் தலை’ என்று சொல்லக் கூடாது. இது விசித்திரமாகத் தோன்றலாம், பழகிவிடும் என்றெல்லாம் ஆறுதல் வேறு. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அந்த வாக்கியம் இவ்வளவுதான்: எனக்கு வலிக்கிறது தலை. இதற்கா ஒன்றரைப் பக்கம்?

அந்தப் புத்தகம் ஆங்கிலம் பேசுபவர்களுக்காக எழுதப்பட்டது. அவர்களுக்கு எது கஷ்டமோ அதை நீட்டி முழக்கியிருந்தது. அவற்றில் பாதி நமக்குக் கஷ்டமே இல்லை. நமக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தவை ஒரு வரியில் முடிந்திருந்தன. நானோ தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஸ்பானிஷுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. நடுவில் இருந்த அந்த ஆளை விலக்கிய பிறகுதான் மொழி கைக்கு வந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்தப் பாதையைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்பானிஷ் ஸ்பெயினுக்கு மட்டும் சொந்தமல்ல. மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை, ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினியாவையும் சேர்த்து, 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. தாய்மொழியாகப் பேசுபவர்கள் சுமார் 50 கோடிப் பேர். எந்த ஊர் ஸ்பானிஷைப் படிப்பது என்று ஆரம்பத்திலேயே மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றுதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் நாக்கு

இலக்கணத்துக்கு முன்னால் ஒரு வாரம் ஒலிக்கு மட்டும் ஒதுக்குங்கள். இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதித்தவர்கள் பிறகு ஒரு வருஷம் தவறாக உச்சரித்துக்கொண்டிருப்பார்கள்.

நல்ல சேதி முதலில். ஸ்பானிஷில் உயிர் ஒலிகள் ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம். அப்புறம், அவர்களுடைய ‘டி’ (t) எழுத்து நம் ‘த’. ‘தெங்கோ’ (வைத்திருக்கிறேன்) என்றுதான் சொல்ல வேண்டும், ‘டெங்கோ’ அல்ல. இது நம் வாயில் இயல்பாகவே இருக்கிற ஒலி. ஆனாலும் ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் நாக்கு மடிந்து ‘ட’ போட்டுவிடுகிறது. ஸ்பானிஷில் ‘ட’ கிடையவே கிடையாது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சொல்லின் நடுவே வரும் மெய்கள் மிருதுவாவதும் நம் வழக்கம்போலத்தான். ‘அது’ என்பதில் வரும் த எப்படிக் குழைகிறதோ, அப்படித்தான் ‘நாதா’ (ஒன்றுமில்லை) என்ற ஸ்பானிஷ் சொல்லிலும் குழைகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் நடுவில் ஒற்றையாக எழுதினால் மெல்லோசை, இரட்டித்து எழுதினால் வல்லோசை. சொல்லின் தொடக்கத்தில் மட்டும் தமிழ் எழுத்து காலை வாரிவிடும். ‘புவேனோஸ்’ (நல்ல) என்பதில் வருவது ‘புத்தர்’ என்பதன் பு, ‘குஸ்தா’வில் (பிடிக்கும்) வருவது ‘குரு’வின் கு, ‘தீயா’வில் (நாள்) வருவது ‘தினம்’ என்பதன் தி. தமிழில் எழுதியிருப்பது ஊன்றுகோல் மட்டுமே. ஒவ்வொரு சொல்லையும் ஸ்பானிஷ் எழுத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், காதால் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எழுத்துகளில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ‘எச்’ எழுதப்படும், ஆனால் ஊமை: வணக்கம் சொல்லும் சொல் ‘ஓலா’, ‘ஹோலா’ அல்ல. ‘ஜே’ என்ற எழுத்து தொண்டையிலிருந்து வரும் ‘ஹ’. ‘வி’ (v), ‘பி’ (b) என்ற இரண்டு எழுத்துகளும் ஒரே ஒலி, இரண்டுமே ‘ப’ பக்கம்தான். இரட்டை ‘எல்’ பெரும்பாலான ஊர்களில் ‘ய’ போல ஒலிக்கும். ‘ஸெட்’ எழுத்தும், எ, இ முன்னால் வரும் ‘சி’யும் லத்தீன் அமெரிக்காவில் ‘ஸ’. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விடும் ஒலி. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கலக்காமல் இருந்தால் போதும்.

தலையில் சின்ன வளைகோடு போட்ட ‘என்’ ஒன்று உண்டு. அதுதான் நம் ‘ஞ’. அந்தக் கோட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ‘ஆஞோ’ என்றால் வருடம். கோடு இல்லாத ‘ஆனோ’ என்றால் ஆசனவாய். உங்கள் வயதைச் சொல்லும் வாக்கியத்தில் இந்தச் சொல் வரும். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ர, ற. பள்ளியில் இடையினம், வல்லினம் என்று படித்தும் பேச்சில் நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். மலையாளத்தில் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஸ்பானிஷில் அந்த வேறுபாடு உயிரோடு இருக்கிறது. ‘பெரோ’ என்றால் ஆனால். நாக்கை உருட்டி ‘பெறோ’ என்றால் நாய். ‘காரோ’ என்றால் விலை அதிகம். ‘காறோ’ என்றால், லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில், கார். சொல்லின் முதலில் ‘ஆர்’ எழுத்து வந்தால் எப்போதும் உருட்டல்தான்.

கடைசியாக அழுத்தம். தமிழில் நாம் எந்த அசையையும் தனியாக அழுத்திப் பேசுவதில்லை. ஸ்பானிஷில் அழுத்தம் மாறினால் பொருளே மாறும். ‘பாப்பா’ என்று முதலில் அழுத்தினால் உருளைக்கிழங்கு, ‘பப்பா’ என்று கடைசியில் அழுத்தினால் அப்பா. விதி எளிது. சொல் உயிரிலோ ‘என்’, ‘எஸ்’ எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசி அசையில். விதியை மீறும் சொற்களுக்கு மேலே ஒரு சாய்கோடு போட்டிருப்பார்கள். அழுத்தம் விழும் அசையை நெடிலாக எழுத முயன்றிருக்கிறேன். கடைசியில் வரும் ஓ, ஆ, ஏ மட்டும் தமிழ்ப் பழக்கத்துக்காக எப்போதும் நெடில்.

கையில் வைத்துக்கொள்ளச் சில தொடர்கள்

இவற்றை இலக்கணம் பார்க்காமல் அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். ஏன், எப்படி என்பதெல்லாம் பிறகு தானாக விளங்கும்.

ஓலா: எந்த நேரத்துக்கும், யாருக்கும்.
புவேனோஸ் தீயாஸ்: காலை வணக்கம்.
புவேனாஸ் தார்தேஸ்: மதியத்துக்கு மேல்.
புவேனாஸ் நோச்சேஸ்: இரவு. விடைபெறும்போது மட்டுமல்ல, இரவில் ஒருவரைப் பார்த்ததுமே சொல்லலாம்.
மே யாமோ...: என் பெயர்...
மூச்சோ குஸ்தோ: உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி.
கிராஸியாஸ், தே நாதா: நன்றி, பரவாயில்லை.
போர் ஃபபோர்: தயவுசெய்து.
பெர்தோன்: மன்னிக்கவும், கொஞ்சம் வழிவிடுங்கள், என்ன சொன்னீர்கள் எல்லாவற்றுக்கும்.
தோந்தே எஸ்தா எல் பாஞோ: கழிவறை எங்கே இருக்கிறது?
ஆஸ்தா லுவேகோ: அப்புறம் பார்க்கலாம்.

இவற்றைவிட முக்கியமானவை இன்னும் நான்கு உண்டு. பல பாடங்களில் இவை தாமதமாக வரும். முதல் நாளே வந்திருக்க வேண்டியவை. ‘நோ எந்தியெந்தோ’ (புரியவில்லை). ‘மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபபோர்’ (இன்னும் மெதுவாக, தயவுசெய்து). ‘புவேதே றெப்பெத்தீர்?’ (திரும்பச் சொல்ல முடியுமா?). ‘கோமோ ஸே தீஸே... என் எஸ்பஞோல்?’ (இதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது?). கையில் ஐம்பது சொற்கள்தான் இருக்கின்றன என்றாலும் இந்த நான்கும் தெரிந்தால் பேச்சு அறுந்துபோகாது.

ஸ்பானிஷில் கேள்விக்குறி வாக்கியத்தின் முதலிலும் தலைகீழாக வரும். 1754-இல் ஸ்பானிஷ் அகாடமி கொண்டுவந்த வழக்கம் அது. காரணம் இருக்கிறது. நாம் ‘வருகிறாயா’ என்று கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்க்கிறோம். அவர்களிடம் அப்படி எதுவும் இல்லை. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளில் சொற்கள் மாறாது, குரல் மட்டுமே ஏறும். வாசிப்பவர் குரலை ஏற்றத் தயாராக வேண்டுமே, அதற்காக முன்கூட்டியே ஓர் அடையாளம்.

நீ, நீங்கள் என்ற பிரிவும் உண்டு. ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். ‘புவெஸ்த்ரா மெர்ஸெத்’ என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து ‘உஸ்தெத்’ ஆனது; ஏறக்குறைய ‘தங்கள் சமூகம்’ மாதிரி. அதனால் அதற்கு வினைச்சொல் படர்க்கையில் வரும். நண்பர், சம வயதினர் என்றால் ‘தூ’. பெரியவர், அறிமுகமில்லாதவர், அதிகாரி என்றால் ‘உஸ்தெத்’. கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே ‘உஸ்தெத்’ போடுவார்கள். அர்ஜென்டினாவில் ‘தூ’வுக்குப் பதிலாக ‘போஸ்’. சந்தேகமாக இருந்தால் ‘உஸ்தெத்’ போடுங்கள். மரியாதை கூடினால் யாரும் கோபிப்பதில்லை.

வினைச்சொல்லின் வால்

‘வருகிறேன்’ என்றால் போதும், ‘நான்’ வேண்டாம். ‘வருகிறோம்’ என்றால் ‘நாங்கள்’ வேண்டாம். யார் செய்தார் என்பதை வினையின் வாலே சொல்லிவிடுகிறது. ஸ்பானிஷும் இதேதான். ‘நான்’ என்பதற்கு ‘யோ’ என்ற சொல் உண்டு. அழுத்திச் சொல்ல வேண்டியபோது மட்டும் பயன்படுத்துவார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘யோ, யோ’ என்று தொடங்குபவரைப் பார்த்தாலே ஆங்கிலம் வழியாக வந்தவர் என்று தெரிந்துவிடும்.

அகராதியில் எல்லா வினைகளும் மூன்று முடிவுகளில் ஒன்றைக் கொண்டிருக்கும்: ஆர், ஏர், ஈர். அந்த முடிவை வெட்டிவிட்டு நபருக்கேற்ற வாலை ஒட்ட வேண்டும். ‘அப்லார்’ (பேச) என்பதை எடுத்துக்கொள்வோம்.

ஆப்லோ: பேசுகிறேன்
ஆப்லாஸ்: பேசுகிறாய்
ஆப்லா: பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறார், உஸ்தெத் என்றாலும் இதுவே
அப்லாமோஸ்: பேசுகிறோம்
ஆப்லான்: பேசுகிறார்கள், ‘உஸ்தேதெஸ்’ (நீங்கள் பலர்) என்றாலும் இதுவே

தன்மை ஒருமையில் ஓ, தன்மைப் பன்மையில் மோஸ், முன்னிலையில் ஸ், படர்க்கைப் பன்மையில் ன். எல்லா வகைக்கும் நிகழ்காலத்தில் இதுதான் எலும்புக்கூடு. ‘கொமேர்’ (சாப்பிட) என்றால் கோமோ, கோமேஸ், கோமே, கொமேமோஸ், கோமென். ‘பிபீர்’ (வாழ) என்றால் பீபோ, பீபேஸ், பீபே, பிபீமோஸ், பீபென். நடுவில் உள்ள உயிர்தான் மாறுகிறது. ஸ்பெயினில் ‘நீங்கள் பலர்’ என்பதற்கு ‘பொஸோத்ரோஸ்’ என்று நண்பர்களிடம் சொல்வார்கள், அதற்குத் தனி வாலும் உண்டு. கேட்டால் புரிந்துகொள்ளும் அளவுக்கு இப்போது போதும்.

பாருங்கள், நமக்குச் சலுகைகூட இருக்கிறது. ஆன், ஆள், ஆர், அது என்று நாம் நான்கு வால் வைத்திருக்கும் இடத்தில் அவர்களுக்கு ஒன்றே ஒன்று. குழப்பம் வந்தால் மட்டும் ‘எல்’ (அவன்), ‘ஏயா’ (அவள்) சேர்த்தால் போதும்.

மூன்று வகையில் ‘ஆர்’ வகைதான் பெருங்குடும்பம். புதிதாகப் பிறக்கும் வினைகள் எல்லாம் அதில்தான் சேர்கின்றன. நாம் எந்தச் சொல் வந்தாலும் ‘பண்ணு’ ஒட்டி ‘சாட் பண்ணு’ என்பது மாதிரி, அவர்கள் ‘சத்தெயார்’ என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் ஆர் வகையை நன்றாக அரைத்து வைத்துக்கொண்டால் லாபம் அதிகம்.

விதிக்கு அடங்காத வினைகளும் உண்டு. துரதிர்ஷ்டவசமாக, நாள் முழுக்கத் தேவைப்படுபவை அவைதான். முதல் மாதத்துக்கு ஐந்து போதும்:

ஸேர் (ஆக இருக்க): ஸோய், ஏரேஸ், எஸ், ஸோமோஸ், ஸோன்
எஸ்தார் (இருக்க): எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமோஸ், எஸ்தான்
தெனேர் (வைத்திருக்க): தெங்கோ, தியேனேஸ், தியேனே, தெனேமோஸ், தியேனென்
கெரேர் (விரும்ப): கியேரோ, கியேரேஸ், கியேரே, கெரேமோஸ், கியேரென்
ஈர் (போக): போய், பாஸ், பா, பாமோஸ், பான்

கடைசி வரியின் முதல் சொல்லைக் கவனித்தீர்களா? ‘போகிறேன்’ என்பதற்கு ஸ்பானிஷ் சொல் ‘போய்’. ப கொஞ்சம் மெல்லோசை, ‘போதி மரம்’ என்பதில் வருவது போல. தற்செயல்தான். ஆனால் எனக்கு ஒரே நிமிஷத்தில் மனசில் நின்ற ஸ்பானிஷ் சொல் இது ஒன்றுதான்.

இரண்டு ‘இருக்கிறது’

ஸேர், எஸ்தார். ஸ்பானிஷ் படிப்பவர்களைப் பல வருஷம் துரத்தும் இரட்டையர். நிரந்தரமானதற்கு ஸேர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று பல இடங்களில் சொல்லித்தருவார்கள். அது அரைகுறை விதி. ‘இறந்துவிட்டார்’ என்பதற்கு எஸ்தார்தான் வரும்: ‘எஸ்தா முவேர்தோ’. சாவைவிட நிரந்தரமானது எது?

தமிழ் கொடுக்கும் துப்பு இதைவிட நன்றாக வேலை செய்கிறது. ‘நான் மாணவன்’, ‘அவள் மருத்துவர்’, ‘இது என் புத்தகம்’: இவற்றில் நமக்கு வினைச்சொல்லே தேவையில்லை. பெயரும் பெயரும் பக்கத்தில் நின்றால் வாக்கியம் முடிந்தது. இப்படி வினை இல்லாமல் நாம் சொல்பவற்றுக்கு ஸ்பானிஷில் ஸேர்: ‘ஸோய் எஸ்துதியாந்தே’ (நான் மாணவன்). ‘நான் வீட்டில் இருக்கிறேன்’, ‘களைப்பாக இருக்கிறேன்’, ‘கதவு திறந்திருக்கிறது’: இவற்றில் ‘இரு’ இல்லாமல் நம்மால் நகர முடியாது. அங்கெல்லாம் எஸ்தார்: ‘எஸ்தோய் என் காஸா’ (வீட்டில் இருக்கிறேன்).

நூற்றுக்கு நூறு சரியாக வராது. ‘அவள் உயரமாக இருக்கிறாள்’ என்று நாம் சொன்னாலும் அங்கே ஸேர்தான் வரும். அப்படிப்பட்ட இடங்களில் வாக்கியத்தைப் பெயராக மாற்றிப் பாருங்கள். ‘அவள் உயரமானவள்’ என்று சொல்ல முடிகிறதா, பொருள் கெடவில்லையா? அப்படியானால் ஸேர். ‘நான் களைப்பானவன்’ என்று யாரும் சொல்வதில்லை, எனவே எஸ்தார்.

எனக்கு இது பாடமானது ஒரு சங்கடத்தில். ஸ்பானிஷ் பேசிப் பழக வாரம் ஒருமுறை ஒருவரோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தேன். விடுமுறை எப்படிப் போகிறது என்று அவர் கேட்டார். போரடிக்கிறது என்று சொல்ல நினைத்து ‘ஸோய் அபுறீதோ’ என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘அப்படியெல்லாம் இல்லை, உங்களோடு பேசுவது சுவாரஸ்யமாகத்தானே இருக்கிறது’ என்று தேற்றினார். எனக்குப் போரடிக்கிறது என்றால் ‘எஸ்தோய் அபுறீதோ’. ஸோய் போட்டால், நான் ஓர் அறுவை என்று அர்த்தம்.

இன்னொரு ‘இருக்கிறது’ உண்டு, ‘ஆய்’. ஒன்று உண்டா இல்லையா என்பதைச் சொல்ல. ‘ஆய் ஆகுவா?’ என்றால் தண்ணீர் உண்டா? நம் ‘உண்டு’ எப்படி ஒருமை, பன்மை பார்க்காதோ அப்படியே ‘ஆய்’ என்பதும் மாறாது. ‘உண்டு’ என்று சொல்லக்கூடிய இடத்தில் ‘ஆய்’, ‘எங்கே இருக்கிறது’ என்று கேட்கும் இடத்தில் ‘எஸ்தா’.

எனக்குப் பிடிக்கும், எனக்கு வலிக்கும்

‘எனக்குக் காபி பிடிக்கும்’. ஸ்பானிஷில் ‘மே குஸ்தா எல் கஃபே’. ‘மே’ என்றால் எனக்கு, ‘தே’ என்றால் உனக்கு, ‘லே’ என்றால் அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு, ‘நோஸ்’ என்றால் நமக்கு, ‘லேஸ்’ என்றால் அவர்களுக்கு. நான்காம் வேற்றுமை. நான் ஏன் எழுவாய் இல்லை என்று ஒரு தமிழருக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஒரே வேறுபாடு, பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும்: ‘மே குஸ்தான் லோஸ் லீப்ரோஸ்’ (எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும்). அதேபோல ‘மே துவேலென் லோஸ் பியேஸ்’ (எனக்குக் கால் வலிக்கிறது, அவர்களுக்குக் கால்கள்). ஒரு செயல் பிடிக்கும் என்றால் வினையை அப்படியே வைத்துவிடலாம்: ‘மே குஸ்தா லெயேர்’ (எனக்கு வாசிக்கப் பிடிக்கும்).

ஆனால் இந்தச் சுகத்தில் எல்லா ‘எனக்கு’வையும் ‘மே’ ஆக்கிவிடக் கூடாது. பசி, தாகம், குளிர், பயம், தூக்கம் எல்லாம் அங்கே உடைமை. நாம் ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம், அவர்கள் ‘பசி வைத்திருக்கிறேன்’ என்கிறார்கள்: ‘தெங்கோ ஆம்ப்ரே’. தாகத்துக்கு ‘தெங்கோ ஸெத்’, குளிருக்கு ‘தெங்கோ ஃப்ரீயோ’, தூக்கத்துக்கு ‘தெங்கோ ஸுவேஞோ’, அவசரத்துக்கு ‘தெங்கோ ப்ரீஸா’. வயதும் உடைமைதான்: ‘தெங்கோ பெயிந்தே ஆஞோஸ்’ (எனக்கு 20 வயது). புழுக்கமாக இருந்தால் ‘தெங்கோ கலோர்’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘எஸ்தோய் கலியெந்தே’ என்று சொன்னால் உடல் சூடு வேறு வகையானது என்று புரிந்துகொள்வார்கள்.

‘வேண்டும்’ என்பதும் இப்படித்தான். ‘கியேரோ ஆகுவா’ (தண்ணீர் வேண்டும்). இதில் ‘எனக்கு’ இல்லை, ‘விரும்புகிறேன்’ என்ற வினைதான். ஒரு கடையிலோ உணவகத்திலோ இது கொஞ்சம் வெடுக்கென்று கேட்கும். ‘கிஸியேரா ஆகுவா, போர் ஃபபோர்’ என்றால் பணிவு.

ஒரே வாக்கியம், ஏழு சாயல்

அடுத்த நிலைக்குப் போக அட்டவணைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எதிர்காலத்துக்குத் தனி வால் உண்டுதான், ஆனால் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ‘போ’ என்ற வினையையே துணைக்கு வைத்துக்கொள்வார்கள். ‘பேசப் போகிறேன்’ என்று நாம் சொல்வதுபோலவே ‘போய் ஆ அப்லார்’. ‘பேசிக்கொண்டு இருக்கிறேன்’ என்பதற்கு நம்மைப் போலவே ‘இரு’ துணை: ‘எஸ்தோய் அப்லாந்தோ’. ஆர் வினைக்கு ‘ஆந்தோ’, மற்ற இரண்டுக்கும் ‘இயெந்தோ’. மறுப்புக்கு வினையின் முன்னால் ஒரு ‘நோ’ போட்டால் முடிந்தது.

இவற்றை வைத்து நான் செய்த பயிற்சி ஒன்று உண்டு. தினமும் ஒரே ஒரு வாக்கியம் எடுத்து ஏழு விதமாகத் திருப்புவது.

ஆப்லோ எஸ்பஞோல்: ஸ்பானிஷ் பேசுகிறேன்.
நோ ஆப்லோ எஸ்பஞோல்: ஸ்பானிஷ் பேசுவதில்லை.
ஆப்லாஸ் எஸ்பஞோல்?: ஸ்பானிஷ் பேசுவாயா?
கியேரோ அப்லார் எஸ்பஞோல்: ஸ்பானிஷ் பேச விரும்புகிறேன்.
போய் ஆ அப்லார் எஸ்பஞோல்: ஸ்பானிஷ் பேசப் போகிறேன்.
எஸ்தோய் அப்லாந்தோ எஸ்பஞோல்: ஸ்பானிஷ் பேசிக்கொண்டு இருக்கிறேன்.
மே குஸ்தா அப்லார் எஸ்பஞோல்: எனக்கு ஸ்பானிஷ் பேசப் பிடிக்கும்.

மறுநாள் ‘சாப்பிட’, அதற்கு மறுநாள் ‘வாழ’. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கையால் எழுத வேண்டும். இருபது நிமிஷம்கூட ஆகாது. முப்பது வினைகளை இப்படித் திருப்பிவிட்டால், புதிதாக ஒரு வினை கண்ணில் பட்டதும் வாய் தானாக வால் சேர்க்கும். சந்தேகம் வந்தால் ஸ்பானிஷ் அகாடமியின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வினைச்சொல்லைத் தேடினால் எல்லா வடிவங்களும் வரிசையாக வரும். 1713-இல் தொடங்கிய நிறுவனம், இலக்கணச் சண்டைகளில் அவர்கள் சொல்தான் பெரும்பாலும் கடைசிச் சொல்.

தமிழ் கைகொடுக்காத இடங்கள்

இப்போது கஷ்டமான பகுதி. மேஜைக்கும் புத்தகத்துக்கும் பால் உண்டு. புத்தகம் ஆண், ‘எல் லீப்ரோ’. மேஜை பெண், ‘லா மேஸா’. இந்த எல், லா இரண்டும் ஆங்கிலத்தின் ‘தி’ (the) போல; முன்பு பார்த்த ‘எல்’ (அவன்) வேறு. அஃறிணை என்று ஒரு திணையையே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் நமக்கு இது வீண் வம்பாகத்தான் தெரியும். ஓவில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் ‘எல் தீயா’ (நாள்), ‘எல் மாப்பா’ (வரைபடம்) ஆண். ‘லா மானோ’ (கை) பெண். கிரேக்கத்திலிருந்து வந்து ‘மா’வில் முடியும் ‘ப்ரொப்லேமா’, ‘ஸிஸ்தேமா’, ‘இதியோமா’ (மொழி) எல்லாம் ஆண். தப்பிக்க ஒரே வழி: பெயர்ச்சொல்லைத் தனியாக ஒருபோதும் படிக்காதீர்கள். ‘மேஸா’ என்று எழுதாதீர்கள், ‘லா மேஸா’ என்றே எழுதுங்கள். நான் முதல் இருநூறு சொற்களை எல், லா இல்லாமல் எழுதிவைத்தேன். பிறகு இருநூறையும் மறுபடி படிக்க வேண்டியதாயிற்று.

பண்புச்சொல் பின்னால் வரும், பாலும் எண்ணும் ஒத்துப்போகும். வெள்ளை வீடு என்பது ‘வீடு வெள்ளை’: ‘லா காஸா பிளாங்கா’. மொராக்கோவின் காஸாபிளாங்கா நகரத்தை நினைத்துக்கொண்டால் வரிசை மறக்காது. புத்தகம் என்றால் ‘எல் லீப்ரோ பிளாங்கோ’, புத்தகங்கள் என்றால் ‘லோஸ் லீப்ரோஸ் பிளாங்கோஸ்’.

வேற்றுமை உருபும் தலைகீழ். வீட்டில் என்பது ‘இல் வீடு’: ‘என் லா காஸா’. நமக்கு வாலாக இருப்பது அவர்களுக்குத் தலை. ‘கோன்’ என்றால் உடன், ‘ஸின்’ என்றால் இல்லாமல், ‘தே’ என்றால் இன் அல்லது இருந்து, ‘பாரா’ என்றால் ஆக. வினையும் கடைசியில் வராது, நடுவில் வந்துவிடும். இதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை, பழக்கம்தான்.

ஆங்கிலம் காலை வாரும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒலியை வைத்து அர்த்தத்தை ஊகிக்காதீர்கள். ‘எம்பரஸாதா’ என்ற சொல்லைக் கேட்டதும் வெட்கம், சங்கடம் என்று தோன்றும். அதற்குப் பொருள் கர்ப்பிணி. ‘எக்ஸித்தோ’ வெளியே போகும் வழி அல்ல, வெற்றி. வெளியேறும் வழிக்கு ‘ஸலீதா’.

கடந்த காலம், கொஞ்சமாக

இரண்டு மாதம் நிகழ்காலத்திலேயே புழங்கிவிட்டு இதற்கு வாருங்கள். முடிந்துபோன செயலுக்கு ஆர் வினையில் அப்லே (பேசினேன்), அப்லாஸ்தே (பேசினாய்), அப்லோ (பேசினார்), அப்லாமோஸ் (பேசினோம்), அப்லாரோன் (பேசினார்கள்). ஏர், ஈர் இரண்டுக்கும் ஒரே வால்: கொமீ, கொமீஸ்தே, கொமியோ, கொமீமோஸ், கொமியேரோன். அழுத்தம் ஏன் முக்கியம் என்று முதலில் சொன்னது இங்கேதான் உதவும். ‘ஆப்லோ’ என்று முதலில் அழுத்தினால் நான் பேசுகிறேன். ‘அப்லோ’ என்று கடைசியில் அழுத்தினால் அவர் பேசினார். ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. ‘அப்லாமோஸ்’ மட்டும் பேசுகிறோம், பேசினோம் இரண்டுக்கும் ஒன்றே; நேற்றா, இன்றா என்று பக்கத்துச் சொல் சொல்லும்.

இன்னொரு வேடிக்கை. ‘ஈர்’ (போக), ‘ஸேர்’ (ஆக இருக்க) என்ற இரண்டு வினைகளுக்கும் கடந்த காலம் ஒன்றே: ஃபுயி, ஃபுயிஸ்தே, ஃபுவே, ஃபுயிமோஸ், ஃபுவேரோன். ‘ஃபுயி ஆ மத்ரீத்’ என்றால் மத்ரீத்துக்குப் போனேன். ‘ஃபுயி ப்ரொஃபெஸோர்’ என்றால் ஆசிரியராக இருந்தேன். பின்னால் ‘ஆ’ வந்து ஓர் ஊரைக் காட்டினால் போனது; ‘ஆ’ இல்லாமல் நேராக ஒரு பெயர் வந்தால் இருந்தது.